கப்பலில் வேலை பார்த்தவர்கள்



கப்பலில் போய்க்கொண்டே வேலை பார்ப்பது லேப்டாப்பும் இணையமும் வந்த பிறகு பிறந்த பழக்கம் என்று உங்களில் பலர் நினைக்கலாம். ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்பே அதைச் செய்தவர்கள் உண்டு. அவர்களில் இருவர் நம் தமிழர்கள். அதுவும் ஒரே குடும்பம், சித்தப்பாவும் அண்ணன் மகனும்.

முதலில் காந்தியடிகள். 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் 'கில்டோனன் காசில்' என்ற கப்பலில் திரும்பினார். 'இந்திய சுயராஜ்யம்' நூலைக் குஜராத்தியில் எழுதத் தொடங்கியவர், 13ஆம் தேதி முதல் 22 வரை பத்தே நாளில் முடித்துவிட்டார். வலது கை ஓய்ந்தபோது இடது கையால் எழுதினார். தாளும் அந்தக் கப்பல் தாள்தான்.

அடுத்து திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன். 1921இல் ஆக்ஸ்போர்டு மாநாட்டுக்குப் போய்விட்டு 'நர்குண்டா' கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை நிறுத்தி வைத்தது. வானத்தின் நிறம்தான் தண்ணீரில் தெரிகிறது என்பது ராலே பிரபு சொன்ன விளக்கம். ராமனிடம் நிக்கோல் பட்டகம் என்ற சிறு கருவி இருந்தது. தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை அதைக் கொண்டு விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது! நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். கப்பலிலேயே கட்டுரை எழுதி, பம்பாய்த் துறைமுகத்திலிருந்து 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். (தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் ஒரு காரணம் என்று இன்று நமக்குத் தெரியும்.) அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துப் போனதில்தான் 1928 பிப்ரவரி 28 அன்று 'ராமன் விளைவு' கிடைத்தது. 1930இல் நோபல் பரிசு.

அதே 1930 ஜூலை 31 அன்று ராமனின் அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர் பம்பாயில் கப்பல் ஏறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், வயது 19. கேம்பிரிட்ஜில் மேற்படிப்புக்காகப் பயணம். எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் 'வெள்ளைக் குள்ளர்' ஆகி அடங்குவது பற்றி ஃபௌலர் என்ற அறிஞர் சொன்ன கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுமே, அப்படியானால் ஐன்ஸ்டீனின் சார்பியலையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா என்று யோசித்தார். சேர்த்தபோது, ஓர் அளவுக்கு மேல் எடையுள்ள விண்மீன் வெள்ளைக் குள்ளனாக நிலைக்க முடியாது என்று விடை வந்தது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று சொல்லப்படும் 'சந்திரசேகர் எல்லை' இதுதான். அவருக்கு நோபல் பரிசு 53 வருடம் கழித்து, 1983இல் வந்தது.

மூவரையும் கவனியுங்கள். கப்பலில் அவர்கள் செய்தது தாங்களே தேர்ந்துகொண்ட வேலை. நடுக்கடலில் அவர்களை யாரும் அழைத்து "அது முடிந்ததா?" என்று கேட்கவில்லை.

ஆனால் இந்தக் கதையை இத்துடன் நிறுத்தினால் அது பாதி வரலாறுதான். தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கப்பல் என்றால் பிழைப்பு. 'கப்பல் ஏறிட்டான்' என்று நம் கிராமங்களில் சொன்னால் உல்லாசப் பயணம் என்று அர்த்தமில்லை. இலங்கைத் தேயிலை, மலாயா ரப்பர், பர்மா வயல் என்று போனவர்கள் நம் முன்னோர். 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதில் ஆயிரக்கணக்கானோர் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து, மூட்டையைத் தலைக்கு வைத்துப் போனார்கள். அவர்களுக்கும் கடலில் நாள்கணக்கில் நேரம் இருந்தது. ஆனால் அந்த நேரம் முழுவதும் இறங்கப்போகும் இடத்தைப் பற்றிய கவலை.

கடலை வேடிக்கை பார்ப்பதற்காகவே நம் ஆட்கள் சென்னையில் கப்பல் ஏறுவது சமீபத்தில் பரவிய பழக்கம். 2022 ஜூனில் கோர்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் இங்கிருந்து கிளம்பியது. அடுத்த ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போய் வந்தது. அதே 2023 ஜூனில்தான் நம் போடிக்கும் சென்னை ரயில் வந்தது. இனி துறைமுகம் நமக்கு ஓர் இரவுப் பயணம்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கால அட்டவணை வருடத்துக்கு வருடம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகைப் புயல் காலம் வேண்டாம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு. துறைமுகத்தில் இறங்கினால் சொன்ன நேரத்துக்கு முன்பே திரும்பிவிடுங்கள். கப்பல் நம் ஊர் பஸ் இல்லை, கை காட்டினால் நிற்காது. கரை மறைந்ததும் போனை விமான நிலைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கடல்வழி ரோமிங் கட்டணம் ஏறிவிடும். கப்பலின் செயற்கைக்கோள் இணையத்துக்குத் தனிப் பணம், வீடியோ மீட்டிங் இடையில் அறுந்தும் போகலாம். வெளிநாட்டுக் கரை தொடும் பயணமென்றால், அங்கிருந்து கம்பெனி லேப்டாப்பைத் திறக்க அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள்.

என்னிடம் படித்த ஒரு தம்பி, போடியில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை பார்ப்பவர், அம்மாவை இப்படி அழைத்துப்போக ஆசைப்படுகிறார். லீவு கிடைக்கவில்லை, லேப்டாப்போடு போகலாமா என்று கேட்டார். அவருடைய அம்மாவை எனக்குத் தெரியும். முப்பது வருடம் விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவு கடந்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். மழைக்குப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, அட்டைக்கடியோடு நின்று மகனைப் படிக்கவைத்தவர்.

அவருக்கு நான் சொன்னது: "தம்பி, லீவு கிடைக்கும் மாதம் வரை பயணத்தைத் தள்ளி வை. நாலு நாள் கப்பலில் நீ அறைக்குள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அம்மா மேல்தளத்தில் தனியாக நிற்பார். மகன் வேலையைக் கெடுக்கக் கூடாது என்று கூப்பிடவும் மாட்டார். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிக்கொடு. அதுதான் கப்பலில் நீ பார்க்க வேண்டிய வேலை."

உங்கள் தாத்தா, பாட்டி யாராவது ரஜுலாவில் போய் வந்திருந்தால், அவர்கள் சொன்னதை மறப்பதற்குள் எழுதி அனுப்புங்கள். டிக்கெட், கடிதம், தகரப்பெட்டி எது இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். சேர்த்து வைப்போம்.