மலைநாட்டுப் புகையிரதமும் மாளிகை விடுதிகளும்



கொழும்பிலே, வெள்ளவத்தையை அடுத்த பாமன்கடையில் குடியிருக்கும் ஒருவர் மலைநாடு காணப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் வெள்ளவத்தை நிலையத்திற்குச் சென்று, கடலோரப் பாதையில் வரும் வண்டியில் ஏறிக் கோட்டை நிலையத்தை அடைதல் வேண்டும். உப்பங்காற்று வீசும் கரையிலிருந்து தொடங்கும் பயணம், ஒரு பகற்பொழுது கழியுமுன், கம்பளிச் சட்டை இல்லாமல் நிற்க முடியாத உயரத்தில் அவரைக் கொண்டுபோய் விடும். கொழும்பிலிருந்து பதுளை வரை ஏறத்தாழ 180 மைல் நீளமான பாதை அது. உலகத்தின் அழகிய புகையிரதப் பயணங்களுள் ஒன்றென்று பன்னாட்டு யாத்திரிகரும் அதனைப் போற்றியுள்ளனர்.

அழகைப் பற்றிப் பேசியவர் பலர். ஆனால் அப்பாதை யாருக்காக அமைக்கப்பட்டது, யாருடைய கைகளால் அமைந்தது, அதிலே யார் யார் எவ்விதமாகப் பயணம் செய்தனர் என்பனவற்றை எண்ணிப் பார்த்தோர் சிலரே. அவற்றையே இன்று சிறிது ஆராய்வோம்.

சுவிற்சர்லாந்து தேசத்திலே, றீகி மலையின்மீது 1871ஆம் ஆண்டு புகையிரதம் ஏறியது. பனிமலையும் பள்ளத்தாக்கும் காணவந்த உல்லாசப் பயணிகளுக்கென்றே அது அமைக்கப்பட்டது. 1930ஆம் ஆண்டில் செர்மாற்றையும் சென். மோரிற்சையும் இணைத்து ஓடத்தொடங்கிய ‘கிளேசியர் எக்ஸ்பிரஸ்’ வண்டியும் அவ்வகையினதே. தமிழகத்தின் நீலகிரிப் பாதையோ 1899ஆம் ஆண்டு குன்னூரையும் 1908ஆம் ஆண்டு உதகமண்டலத்தையும் அடைந்தது. கோடை வெப்பத்துக்கு அஞ்சிய ஆட்சியாளர் மலைவாசத் தலத்துக்கு ஏறுவதற்கு அது பெரிதும் உதவிற்று. இலங்கையின் மலைப்பாதை இவற்றினின்றும் வேறுபட்டது. அது மனிதரை ஏற்றுவதற்காக அன்று, கோப்பியை இறக்குவதற்காகவே பிறந்தது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டிப் பிரதேசத்துக் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் பெருகின. விளைந்த கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்க மாட்டு வண்டிகளே கதியாயிருந்தன. மழைக்காலத்தில் வண்டிகள் சேற்றிலே புதைந்தன. மாடுகள் நோயுற்று மடிந்தன. கூலியும் காலமும் வீணாவதைக் கண்ட தோட்ட முதலாளிகள் புகையிரதம் வேண்டுமென்று அரசாங்கத்தை வற்புறுத்தினர். 1845ஆம் ஆண்டிலேயே அதற்கென ஒரு கம்பனி நிறுவப்பட்டது. எனினும் கோப்பி விலையின் வீழ்ச்சியாலும் பணமுடையாலும் வேலை பல ஆண்டுகள் தடைப்பட்டது. 1858ஆம் ஆண்டு தேசாதிபதி சேர் ஹென்றி வாட் முதல் மண்ணை வெட்டித் தொடக்கி வைத்தார். பின்னர் கம்பனியின் ஏற்பாடு கைவிடப்பட்டு, அரசாங்கமே பொறுப்பை ஏற்றது. 1864ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் முதல் வண்டி கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. 1867ஆம் ஆண்டில் பாதை கண்டியை அடைந்தது.

அம்பேபுசை வரை சமதரை. வேலையின் கடுமை அதற்கப்பாலே தொடங்கியது. றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை, நாற்பத்தைந்து அடி செல்ல ஓரடி உயரும் செங்குத்தான ஏற்றத்திலே பாதை அமைக்கப்பட்டது. பாறையைக் குடைந்தும், மலையின் விலாவை வெட்டியும், பள்ளத்தை நிரப்பியும் அதனைச் செய்து முடித்தனர். ஒப்பந்தத்தை ஏற்ற பெவியல் என்பார், அதற்கு முன்னர் பம்பாய்ப் பக்கத்துப் போர் காட் மலைப்பாதையிலும் வேலை எடுத்தவர். மேற்பார்வை செய்த பொறியியலறிஞர் கில்போர்ட் மொல்ஸ்வேர்த், இலங்கைப் புகையிரதத்தின் முதல் தலைவருமானார். இவ்விருவருடைய பெயர்களும் ஏடுகளில் நிலைத்துள்ளன. மண்வெட்டியும் கூடையும் ஏந்தி அங்கு உழைத்தோருள் தென்னிந்தியாவினின்றும் வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் இருந்தனர். காய்ச்சலும் பேதியும் அவர்களைச் சூறையாடின. அலகல்லை மலைச்சாரலில் வண்டி வளைந்து செல்லும்போது, சாளரத்தின் வெளியே பாதாளம் தெரிய, பயணிகள் வியந்து நிற்பர். அந்தப் பாதாளத்தின் விளிம்பிலே மாண்டோருக்குத் தனித்தனியே கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

கோப்பிக்காக வந்த பாதை கோப்பியின் அழிவையும் கண்டது. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் சில ஆண்டுகளிலே தோட்டங்களைப் பாழ்படுத்தியது. ஆயினும் பாதை நிற்கவில்லை. அது 1873இல் கம்பளையையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. இதற்குள் கோப்பி சாய்ந்த மண்ணிலே தேயிலை தளிர்த்துவிட்டது. ஜேம்ஸ் ரெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துறைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, மலைநாடு முழுவதற்கும் புதிய வாழ்வு தந்தது. கோப்பி மூட்டை ஏறிய பெட்டிகளில் தேயிலைப் பெட்டிகள் ஏறின. 1893இல் அப்புத்தளை, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை என்று ஊவா மாகாணமும் உலகத்தோடு இணைந்தது.

ஹற்றனை விட்டதும் வருவது சிங்கமலைச் சுரங்கம். இப்பாதையிலுள்ள சுரங்கங்களுள் நீளமானது அதுவே. இருள் நீங்கியதும் கொட்டகலையும், அருவிகளும், பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தோட்டங்களும் தோன்றும். நானுஓயாவைக் கடந்தபின் பட்டிப்பொலைக்கும் ஒகியாவுக்கும் இடையில் பாதை 6,200 அடிக்கு மேல் உயர்கிறது. அகலப் பாதை இத்தனை உயரத்துக்கு ஏறுவது வியப்புக்குரிய செயலாகும். எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுகள் கொண்ட பாலம், உருக்கின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டப்பட்டது. தெமோதரையிலோ பாதை ஒரு பெரு வட்டமாகச் சுற்றி இறங்கி, தான் விட்டுவந்த நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே செல்கின்றது.

சரக்கு ஏற்றவந்த பாதை உல்லாசப் பாதையும் ஆனதற்குக் கடலே காரணம். 1869ஆம் ஆண்டில் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875ஆம் ஆண்டில் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு வேலை தொடங்கி, 1885ஆம் ஆண்டளவில் முதற் பகுதி நிறைவெய்தியது. ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சீனத்துக்கும் செல்லும் கப்பல்கள் நிலக்கரி ஏற்றக் கொழும்பிலே தங்கின. தங்கிய பிரயாணிகள் பொழுதுபோக்க இடம் தேடினர். காலிமுகத் திடலின் அருகே 1864ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஹோட்டலும், துறைமுகத்தின் எதிரே 1875ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலும் அவர்களை வரவேற்றன. அங்கே தங்கிக் காலையில் கண்டி வண்டி ஏறி, தலதா மாளிகையும் பேராதனைத் தோட்டமும் கண்டு திரும்புவது வழக்கமாயிற்று. ருஷ்ய எழுத்தாளர் அந்தோன் செக்கோவ் 1890ஆம் ஆண்டில் இவ்வாறு வந்தவர்களுள் ஒருவர். சகலின் தீவிலே கைதிகளின் துயரத்தை நேரிற் கண்டு ஆராய்ந்து திரும்பிய அவர், புகையிரதத்திலேறி இத்தீவின் உட்பகுதியைக் கண்டு, இது சுவர்க்கம் என்னும் கருத்தில் கடிதம் எழுதினார். நரகத்தைக் கண்டுவந்த கண்ணுக்கே இவ்விடம் சுவர்க்கமாகத் தோன்றியது. அச்சுவர்க்கத்தின் லயங்களுள்ளே புகுந்து பார்க்க அவருக்கு நேரம் வாய்த்திருப்பின் யாது எழுதியிருப்பாரோ!

இன்னும் மேலே சென்றவர்கள் நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவை அடைந்தனர். தேசாதிபதி சேர் எட்வேர்ட் பார்ன்ஸ் 1828ஆம் ஆண்டளவில் தமக்கெனக் கட்டிய இல்லம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது. 1876ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஹில் கிளப்பிலே தோட்டத் துரைமார் கூடினர். நெடுங்காலம் வெள்ளையரல்லாதார்க்கு அங்கே உறுப்பினராக இடமில்லை. பண்டாரவளையிலும் 1893ஆம் ஆண்டளவில் துரைமாருக்கென ஒரு விடுதி எழுந்தது. கணப்பிலே விறகு எரிய, வெள்ளிப் பாத்திரத்தில் தேநீர் வர, ஏப்ரல் மாதத்துக் குதிரைப் பந்தயத்தையும் மலர்க் காட்சியையும் பற்றி உரையாடிப் பொழுது போக்குவர். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு 1903, 1904ஆம் ஆண்டுகளிலே குறுகிய பாதையொன்றும் போடப்பட்டது. மோட்டார் வண்டிகளின் போட்டியைத் தாங்காது 1940களில் அது மறைந்துவிட்டது.

வண்டியின் கடைப்பெட்டியில், பின்புறம் முழுவதும் கண்ணாடியிட்டு, காட்சி காண்பதற்கென்றே அமைந்த முதல் வகுப்புச் சாலை ஒன்றும் இணைக்கப்பட்டது. மெத்தை ஆசனத்தில் அமர்ந்தவர், கடந்துபோன மலைகள் மெல்ல மெல்ல விலகிச் செல்வதைக் காண்பர்.

இனி மற்றப் பயணத்தையும் பார்ப்போம். ஆரம்ப காலத்திலே தமிழ்த் தொழிலாளர் இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்தனர். தண்ணீரின்றியும் பேதி கண்டும் வழியில் வீழ்ந்தோர் எத்தனையோ பேர். 1914ஆம் ஆண்டில் தலைமன்னார்ப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பலும் இணைந்தபின் நடை ஒழிந்தது. மண்டபம் முகாமிலே அடைபட்டு, வைத்தியப் பரிசோதனை முடிந்து, புகையிரதத்தில் ஏற்றப்பட்டு அவர்கள் மலைக்கு வந்தனர். அவர்களுடைய பயணச்சீட்டோ கழுத்திலே கட்டிய ஒரு தகரத் துண்டு. போகவேண்டிய தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் அதிலே பொறிக்கப்பட்டிருக்கும். அரசாங்கம் அவர்களை அனுப்பி வைத்து, செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதும். தோட்டத்தின் கணக்கு, தொழிலாளியின் கடன் கணக்காக மாறும். வேலையில் கைவைக்கு முன்னரே கடனாளியாகி வந்திறங்கிய அவன், அதே ஹற்றன் மேடையிலே, அதே நானுஓயா மேடையிலே, துரையின் பெட்டிகளைச் சுமந்து இறக்கினான்.

1954ஆம் ஆண்டிலே கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவிலிருந்து வந்த டீசல் எஞ்சின்கள் மலையேறின. அவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. புகையிரதப் பகுதியின் முகாமையாளராக விளங்கிய பி. டி. இரம்பாலாவின் காலத்தில், 1956ஆம் ஆண்டு ‘உடரட்ட மெனிக்கே’ என்னும் மலைநாட்டு மங்கை பவனி வரத் தொடங்கினாள். துரைமாரின் வண்டி பொதுமக்களின் வண்டியாயிற்று. ஆனால் மலைநாட்டுத் தமிழருக்கோ அதற்குள் காலம் மாறிவிட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் அவர்களுட் பெரும்பான்மையோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. மண்ணை வெட்டியவரும் கொழுந்து பறித்தவரும் எண்களாக மாறிவிட்ட கதை அது.

அவ்வாறு அனுப்பப்பட்டவர்களைக் கொண்டு சென்றதும் இப்பாதையே. பதுளைப் பக்கத்திலும் ஹற்றன் பக்கத்திலும் ஏறியவர்கள், பொல்காவலைக்கு இறங்கி, வடக்கே திரும்பித் தலைமன்னாருக்குப் போயினர். தாய் இந்தியாவுக்கு, மகள் இலங்கைக்கு என்று பிரிந்த குடும்பங்கள் மேடையிலே கட்டிப் புரண்டு அழுதன. வண்டி நகர, அழுகையும் வண்டியோடு ஓடிற்று. மலைநாட்டு மக்கள் அதற்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டனர். பெயரிட அவர்களுக்குப் புலவர் வேண்டியதில்லை, துயரமே போதும். 1984ஆம் ஆண்டில் கப்பற் போக்குவரத்து நின்றது. அங்கே சென்றவர்களை ‘சிலோன்காரர்’ என்றனர். இங்கே எஞ்சியவர்களை ‘இந்தியாக்காரர்’ என்றனர். நெடுநாள் பெயர் இழந்து நின்றவர்களுக்கு, 2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே இந்நாட்டுப் பிரசைகள் என்னும் பெயரை முழுமையாக அளித்தது.

காலத்தின் திருவிளையாட்டிலே மாளிகை விடுதிகள் மேலும் பெருகின. கந்தப்பளையில் ஹெதர்செற் என்னும் தேயிலைத் தொழிற்சாலை 1996ஆம் ஆண்டிலே உல்லாச விடுதியாக மாறியது. தேயிலை வாடிய மாடிகளிலே விருந்தினர் துயின்றனர். துரைமார் பங்களாக்கள் சிலவும் விடுதிகளாயின. இவற்றை நாம் வெறுக்க வேண்டியதில்லை. பழைய கட்டடம் இடிந்து போவதிலும், அது நின்று நாட்டுக்கு வருவாய் தேடித் தருவது நன்றே. உல்லாசப் பயணிகள் வருவதும் நன்றே. ஆனால் விருந்தினருக்கு வரலாறு சொல்லும்போது, துரை அருந்திய தேநீரைப் பற்றி மட்டும் சொல்லி, அத்தேநீரைத் தந்த கையைப் பற்றிச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. தேயிலைப் பெட்டியும் நிலக்கரி எஞ்சினும் காட்சிப் பொருளாகுமானால், அத்தகரத் துண்டும் காட்சிப் பொருளாதல் வேண்டும்.

பாமன்கடையிலிருந்து புறப்பட்ட நம் நண்பர் மலையேறுகிறார். சாளரத்தின் வழியே அவர் அருவியைப் பார்க்கட்டும், மேகத்தைப் பார்க்கட்டும். வண்டி ஹற்றனில் நிற்கும்போது மேடையையும் ஒரு கணம் பார்க்கட்டும். அதன்மேல் நின்றுதான் ஒரு கூட்டம் கடனோடு வந்திறங்கியது. அதன்மேல் நின்றுதான் அக்கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் கண்ணீரோடு வண்டி ஏறினர். கடுகண்ணாவையில் மலையை வெட்டியவரும் அவர்களின் உறவே. அவர்களை அறிந்தபின்னும் மலை அழகாகவே இருக்கும். ஆனால் அவ்வழகுக்கு யார் விலை கொடுத்தனர் என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.