வண்டி மை: கம்பம் பள்ளத்தாக்கை உருட்டிய கறுப்புக் களிம்பு



பனி விழுற ஊர்கள்ல ஒரு வழக்கம் உண்டு. புதுசா பனிச்சறுக்குக் கட்டை, அதாங்க ஸ்கீ, வாங்கினா அன்னைக்கே காலில் மாட்டிக்கிட்டு மலைக்குக் கிளம்ப மாட்டாங்க. முதல்ல அடிப்பாகத்தை பிரஷ் போட்டுத் துடைப்பாங்க. அப்புறம் இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒரு சூட்டுப் பெட்டியால மெழுகை உருக்கி அடி முழுக்கத் தடவுவாங்க. ஆறினதும் சுரண்டி எடுத்துட்டு மறுபடி தடவுவாங்க. இப்படி நாலஞ்சு தடவை செஞ்ச பிறகுதான் கட்டை பனியில இறங்கும். கடையில காசு கொடுத்தவுடனே பொருள் உங்களோடதாகிடும், ஆனா தயாராகிடாது. அதுதான் இதுல இருக்கிற சூட்சுமம்.

தேனிப் பக்கம் பனிச்சறுக்குக்கு எங்கே போறது? மார்கழி மாசம் போடிமெட்டுல பல்லு கிட்டிக்கும், அவ்வளவுதான் :-) ஆனா அதே சூட்சுமத்தை நம்மாளுக நூறு வருஷத்துக்கு மேல கையில வச்சிருந்தாங்க. அதுக்குப் பேரு வண்டி மை. சில ஊர்ல மசகுன்னும் சொல்வாங்க. புது மாட்டு வண்டியின் அச்சுல முதல் முதலா பூசுற அந்தக் கறுப்புக் களிம்பைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல வண்டி எப்படி உருவாச்சுன்னு பார்த்துடுவோம். கருவேலம் மாதிரி உறுதியான மரத்தை வெட்டி, நல்லாக் காயப் போடணும். ஈர மரத்துல சக்கரம் செஞ்சா காயக் காயச் சுருங்கி மூட்டெல்லாம் ஆட்டம் கண்டுடும். ஆசாரி நடுவுல குடத்தைக் கடைஞ்சு, அதுல ஆரக்கால்களை அறைஞ்சு, சுத்தி வட்டையைக் கோப்பார். அப்புறம் கொல்லருக்கு வேலை. இரும்புப் பட்டையைச் சக்கரத்தை விடக் கொஞ்சம் சின்ன வளையமாச் செஞ்சு, எருவரட்டியைச் சுத்தி அடுக்கித் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சுவாங்க. சூட்டுல விரிஞ்ச வளையத்தை இடுக்கியால தூக்கிச் சக்கரத்து மேல மாட்டி, மரம் புகைய ஆரம்பிக்கும்போதே தண்ணியை ஊத்துவாங்க. இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும். ஆணியோ பசையோ தேவையில்லை.

சக்கரம் ரெடி. ஆனா வண்டி இன்னும் ஓடாது. ஏன்னா புதுக் குடத்தோட உட்புறமும் புது அச்சும் ஒண்ணுக்கொண்ணு பழகலை. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் ரெண்டுலயும் இருக்கும். மை போடாம பாரம் ஏத்தி ஓட்டினா முதல்ல கிறீச்சுன்னு அழும், அப்புறம் சூடேறும், கடைசியில குடம் தேஞ்சு சக்கரம் ஆட ஆரம்பிச்சுடும். இழுக்கிற மாட்டோட கழுத்துக்கும் கேடு.

மை செய்யுறது பெரிய வித்தை இல்லை, ஆனா பொறுமை வேணும். வைக்கோலைக் கொளுத்தி, வெள்ளைச் சாம்பலாகிறதுக்கு முன்னாடியே அணைச்சுக் கரியா எடுக்கணும். அதை நல்லாப் பொடிச்சு, கல்லும் மண்ணும் இல்லாமச் சலிச்சு, விளக்கெண்ணெய் விட்டுக் குழைக்கணும். வண்டியை ஒரு பக்கம் முட்டுக் கொடுத்துத் தூக்கி, கடையாணியைக் கழட்டி, சக்கரத்தைப் பாதி வெளியே இழுத்து, அச்சைச் சுத்தி மையை அப்பிட்டு, சக்கரத்தை உள்ளே தள்ளிக் கையாலயே சுத்தி விடணும். புது வண்டின்னா இதோட முடியாது. வெறும் வண்டியாக் கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, பழைய மையைத் துடைச்சுட்டு மறுபடி போடணும். முதல் பாரம் கம்மியாத்தான் ஏத்தணும். சந்தனம், குங்குமம் வச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு, பக்கத்துக் கோயில் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வர்றது சாமிக்கு மட்டும்னு நினைக்காதீங்க. பாரமில்லாத அந்த முதல் நடை அச்சுக்கும் நல்லது.

இதுல அறிவியல் இல்லாம இல்லை. விளக்கெண்ணெய் கெட்டியானது, இரும்பை விட்டுச் சுலபத்துல வழியாது. கரித்தூள் அந்த எண்ணெயைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, அச்சுக்கும் குடத்துக்கும் நடுவுல மெத்தை மாதிரி உக்காந்துக்கும். ஆமணக்கு நம்ம காட்டு வரப்புல நிக்கிற செடிதானேன்னு சாதாரணமா நினைச்சுடாதீங்க. முதல் உலகப் போர்ல பறந்த பல சண்டை விமானங்களோட ரோட்டரி எஞ்சின்கள் ஓடினதே விளக்கெண்ணெய்லதான். பெட்ரோல்ல சட்டுன்னு கரைஞ்சு போகாதுங்கிறதுதான் காரணம். இங்கிலாந்துல வேக்ஃபீல்ட் கம்பெனி 1909-ல கொண்டு வந்த ‘காஸ்ட்ரால்’ங்கிற பேரே ஆமணக்குக்கான ஆங்கிலச் சொல்லான ‘காஸ்டர்’ங்கிறதுல இருந்து வந்ததுதான். மானத்துல பறந்தவனுக்கும் மண்ணுல உருண்டவனுக்கும் ஒரே எண்ணெய்!

சரி, நம்ம பள்ளத்தாக்குக்கு வருவோம். போடிக்கு ரயில் வந்தது 1928-ல். அதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்துக்குச் சாமான் வரணும்னா அம்மையநாயக்கனூர் ரயிலடியில, இன்னைக்குக் கொடைக்கானல் ரோடுன்னு சொல்ற ஸ்டேஷன்ல, இறக்கி வண்டியில ஏத்தணும். வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்னு பள்ளத்தாக்கு முழுக்கக் கடந்து வரணும். 1887-ல் தொடங்கின பெரியாறு அணை வேலை 1895 அக்டோபர்ல அணை திறக்கிற வரைக்கும் நடந்துச்சு. பென்னிகுவிக் பேரை எல்லாரும் சொல்றோம், சொல்லவும் வேணும். நம்ம பக்கம் அவர் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறவங்க உண்டு. ஆனா அணைக்கான இயந்திரமும் இரும்பும் மலையடிவாரம் வரைக்கும் எதுல வந்துச்சு? மாட்டு வண்டியிலதான். அந்த வண்டிக்காரங்க எத்தனை பேரு, எந்த ஊரு, பேரென்னன்னு நம்ம யாருக்காவது தெரியுமா?

போடிப் பக்கமும் இதே கதைதான். மூணாறுல விளைஞ்ச தேயிலை டாப் ஸ்டேஷன்ல இருந்து கம்பிவடத்துல தொங்கிக்கிட்டு அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து போடிக்கு வந்தாகணும். மேல, மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவுல 1902-ல் ஒத்தைத் தண்டவாள வண்டி போட்டாங்க. அதையும் இழுத்தது காளைங்கதான்! 1908-ல் அது சின்ன ரயில் பாதையாச்சு, 1924 வெள்ளத்துல அடிச்சுட்டுப் போச்சு. போடி ரயிலும் 1942-ல் உலகப் போர் நேரத்துல நிறுத்தப்பட்டு, தண்டவாளத்தைப் பேர்த்துட்டாங்க. திரும்ப ஓடினது 1950-கள்ல. அப்புறம் அகலப்பாதைக்காக 2010 கடைசியில நிறுத்தினது, தேனிக்கு 2022-லயும் போடிக்கு 2023-லயும்தான் திரும்பி வந்துச்சு. இரும்புப் பாதை வந்து வந்து போயிருக்கு. முதல் தடவை அது நின்னப்போ இடைவெளியை நிரப்பினதுல நம்ம மர வண்டிக்கும் பங்கு உண்டு.

மலைப்பாதைக்கும் வண்டிக்கும் உள்ள உறவு நேத்து வந்ததில்லை. புறநானூறு 102-வது பாட்டுல ஔவையார் உப்பு வணிகரோட வண்டியைப் பத்திச் சொல்றாங்க. பாரம் பெருசு, மாடு இளசு, வழி மேடும் பள்ளமும், என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்னு உமணர்கள் வண்டிக்கு அடியில இன்னொரு அச்சைக் கட்டி வச்சிருப்பாங்களாம். பேரு சேம அச்சு. இன்னைக்கு நாம ஸ்டெப்னி டயர் வைக்கிறோம்ல, அதேதான். ரெண்டாயிரம் வருஷமா வண்டிக்காரன் கவலை அச்சைப் பத்தித்தான் இருந்திருக்கு. அதே வண்டி அடியிலதான் பிற்காலத்துல மூங்கில் குழாயோ மாட்டுக் கொம்போ மையோட தொங்கிக்கிட்டு வந்துச்சு.

மறுபடி பனிப் பக்கம் ஒரு எட்டு. 1850, 60-கள்ல கலிபோர்னியாவுல தங்கம் தோண்டப் போனவங்க குளிர்காலத்துல நீளமான மரப் பலகைகளைக் காலில் கட்டிக்கிட்டுப் பந்தயம் விட்டாங்க. யார் ஜெயிப்பாங்கங்கிறதை அடியில தடவுற மெழுகுதான் முடிவு பண்ணும். திமிங்கிலக் கொழுப்பு, பைன் மரப் பிசின், கற்பூரம்னு ஆளுக்கொரு பக்குவம், அடுத்தவனுக்குச் சொல்ல மாட்டாங்க. நம்ம பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பார்த்தவங்களுக்கு இது புதுசா இருக்காது. தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடுன்னு வகை பிரிச்சு ஓடுற அந்தப் பந்தயத்துல மாட்டைப் பத்தி ஊரே பேசும். அச்சைப் பத்தி வண்டிக்காரன் மட்டும் யோசிப்பான்.

வித்தியாசம் எங்கேன்னா, அவங்க தங்களோட மெழுகுப் பக்குவத்தை எழுதி வச்சாங்க. அருங்காட்சியகத்துல பழைய டப்பாக்களை அடுக்கி வச்சிருக்காங்க. மெழுகுல கலந்த ஃப்ளூரின் சுற்றுச்சூழலுக்குக் கேடுன்னு தெரிஞ்சதும் 2023-24 பருவத்துல இருந்து சர்வதேசப் பந்தயங்கள்ல தடையே போட்டாங்க. தடவுற மெழுகுக்குக் கூட ஒரு வரலாறு இருக்கு அங்கே. நம்ம வண்டி மைக்கு? டயர் வண்டி வந்துச்சு, பேரிங் வந்துச்சு, டப்பாவுல கிரீஸ் வந்துச்சு. மினி லாரி வந்ததும் வண்டியே போச்சு. கோடையில மரம் சுருங்கிப் பட்டை லூஸானா வண்டியைக் கண்மாய்த் தண்ணியில இறக்கி ஊற வைக்கணும்ங்கிறது தெரிஞ்ச ஆளுங்களுக்கு இன்னைக்கு வயசு எழுபதைத் தாண்டியிருக்கும்.

அணையைக் கட்டினவர் பேரு கல்வெட்டுல இருக்கு. கம்பிவடம் போட்ட கம்பெனி கணக்குப் புத்தகம் வச்சிருந்துச்சு. கையெல்லாம் கறுப்பா, ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்துல அச்சுக்கு மை போட்டவனுக்கு மட்டும் ஏட்டுல இடமில்லை. அவன் அன்னைக்குச் சோம்பல் பட்டிருந்தா மறுநாள் பாரம் நடுவழியில நின்னிருக்கும்.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ல வண்டி கட்டின பெரியவங்க, பட்டை போட்ட கொல்லர், ஆசாரி யாராவது இருந்தா ஒரு மணி நேரம் உக்காந்து பேசுங்க. மைக்கு வைக்கோல் கரியா, வேறெதுவுமா? விளக்கெண்ணெயா, இலுப்பை எண்ணெயா? எத்தனை கல் தூரத்துக்கு ஒருக்கா போட்டாங்க? உங்க பக்கம் அந்தக் களிம்புக்கு என்ன பேரு? கேட்டதை அப்படியே பதிவாப் போடுங்க. பின்னூட்டத்துல சொன்னாலும் சரி, சேர்த்து வச்சு இன்னொரு பதிவு போட்டுடலாம்.