மூன்று சகோதரிகள் – 14: சியானுக்குப் பறந்த மெய்லிங்

சூங் சகோதரிகள் மூவரில் சிங்லிங் மட்டும் 1949-ல் சீனாவில் தங்கிவிட்ட கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். ஆனால் 1936 டிசம்பரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

டிசம்பர் 12, விடியற்காலை. சியானுக்கு வெளியே ஹுவாசிங் வெந்நீர் ஊற்று மாளிகை. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும், சீனாவின் ஆட்சித் தலைவரும் தங்கை மெய்லிங்கின் கணவருமான சியாங் கை ஷேக் இரவு உடையோடு சுவரேறிக் குதித்தார். முதுகில் பலத்த அடி. பல்செட் அறையிலேயே கிடந்தது. கடுங்குளிரில், பின்பக்க மலையில் பாறை இடுக்கில் பதுங்கியிருந்தவரைப் படைவீரர்கள் பிடித்துக் கொண்டுபோனார்கள். பிடிக்கச் சொன்னவர் அவருடைய தளபதியேதான். மஞ்சூரியாவின் ‘இளம் மார்ஷல்’ சாங் சுயேலியாங். ‘கம்யூனிஸ்டுகளோடு சண்டையை நிறுத்து, ஜப்பானை எதிர்’ என்பது அவர் கோரிக்கை. நியாயமான கோரிக்கை என்றே நான் சொல்வேன்.

தலைநகர் நான்கிங்கில் ராணுவ அமைச்சர் ஹோ யிங்சின் படையை ஏவி, சியான் மீது குண்டு போடத் துடித்தார். மெய்லிங் விடவில்லை. குண்டு விழுந்தால் கணவர் உயிரும் போகும். முதலில் டொனால்டை அனுப்பினார். இளம் மார்ஷலிடம் முன்பு ஆலோசகராக இருந்த ஆஸ்திரேலியர் அவர். அடுத்து அண்ணன் டி.வி. சூங் போனார். 22-ம் தேதி, திரும்பி வந்திருந்த டொனால்டோடு மெய்லிங்கே கிளம்பிவிட்டார். விமானம் இறங்கும் முன் தன் கைத்துப்பாக்கியை டொனால்டிடம் கொடுத்து, ‘வீரர்கள் என்மேல் கை வைத்தால் நீங்களே என்னைச் சுட்டுவிடுங்கள்’ என்றார். என்ன நெஞ்சுரம்!

சியாங்கை மெய்லிங் ஒருவரே மீட்டார் என்பது மிகை. ஜப்பானைத் தடுக்க சியாங் உயிரோடு வேண்டும் என்று ஸ்டாலின் நினைத்தார். சமரசம் பேச கம்யூனிஸ்ட் தலைவர் சூ என்லாயும் சியானுக்கு வந்திருந்தார். ஆனால் சியாங் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வெறும் வாய்ச்சொல். அதற்கு உத்தரவாதம் தந்தவர்கள் மெய்லிங்கும் டி.வி. சூங்கும்தான்.

25-ம் தேதி சியாங் விடுதலையானார். பொறுப்பை ஏற்க இளம் மார்ஷல் தானாகவே அவரோடு நான்கிங் சென்றார். அங்கே ராணுவ நீதிமன்றம் பத்தாண்டு சிறை விதித்தது. மன்னிப்பு என்று அறிவித்தார்கள், காவலை மட்டும் எடுக்கவில்லை. தைவானுக்கும் கொண்டுபோனார்கள். 1975-ல் சியாங் இறந்த பிறகும் வீட்டுக்காவல் நீடித்தது. மொத்தம் அரை நூற்றாண்டுக்கு மேல்!

1927-லேயே சியாங்கை எதிர்த்து அறிக்கை விட்டு மாஸ்கோவுக்குப் போனவர் அக்கா சிங்லிங். தங்கைக்கு இருந்ததோ கணவர் வழி வந்த செல்வாக்கு. கணவரை மீட்க அது உதவியது. தன்னை நம்பியவரை மீட்க உதவவில்லை. சியானில் பெருந்தன்மை காட்டியவர் இளம் மார்ஷல். சியாங்கிடம் அது மருந்துக்கும் இல்லை.

சாங் சுயேலியாங் 2001-ல் ஹொனலுலுவில், தன் 100-வது வயதில் காலமானார். 1949 அடுத்த வாரம்.