சேஷாத்திரி மாறிலி

இயற்கணித வடிவியலில், ஒரு பரப்பில் குறித்த சில புள்ளிகள் வழியே செல்லும் வளைவரைகளை அளக்கும் எண். தளத்தில், வளைவரையின் படியை, அது அப்புள்ளிகளைக் கடக்கும் மொத்தத் தடவைகளால் வகுக்க வேண்டும். அந்த ஈவுகளின் கீழ் எல்லையே மாறிலி.

காஞ்சிபுரத்தில் 1932இல் பிறந்து, சென்னை கணிதவியல் கழகத்தை நிறுவியவர் சி. எஸ். சேஷாத்திரி. அவர் தந்த ஓர் அளவுகோலிலிருந்து பிரெஞ்சுக் கணிதவியலர் ழான்-பியேர் டெமாயி இதை வடித்து, 1992இல் வெளியான கட்டுரையில் சேஷாத்திரியின் பெயரையே சூட்டினார்.

பொதுநிலையில் அமைந்த 5 புள்ளிகள் வழியே ஒரு கூம்பு வெட்டு செல்லும், மாறிலி 2/5. ஒன்பதுக்கு 1/3. பத்தில்தான் திகைப்பு தொடங்குகிறது! மதிப்பு 1/√10, அதாவது ஏறத்தாழ 0.316, என்பது ஜப்பானியர் மசயோஷி நகாட்டாவின் 1959ஆம் ஆண்டு ஊகத்திலிருந்து வருவது, இன்னும் நிறுவப்படவில்லை. 16, 25 போன்ற வர்க்க எண்களுக்கு அந்த ஊகத்தை நகாட்டாவே நிறுவிவிட்டார்.