சூடானில் பெட்ரோனாஸ்

மலேசிய அரசுக்குச் சொந்தமான பெட்ரோனாஸ், ஆப்பிரிக்காவின் சூடானிலும் 2011இல் அதிலிருந்து பிரிந்த தெற்குச் சூடானிலும் எண்ணெய் தேடி எடுத்த வரலாறு ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலத்தது. உள்நாட்டுப் போர் ஓயாத, எல்லைக்கோடு முடிவாகாத நிலத்தில் அந்நிறுவனம் குண்டுவீச்சையும் முற்றுகையையும் தாண்டி நின்றது. 2024இல் அது வெளியேறியது பங்குகளை விற்பதற்கு ஒப்புதல் கிடைக்காமல்தான்.

அந்த எண்ணெயை முதலில் கண்டது அமெரிக்காவின் செவ்ரான். 1970களின் நடுவில் உரிமம் பெற்று, 1980 வாக்கில் பெந்தியு நகரத்துக்கு வடக்கே யூனிட்டி வயலையும், 1982இல் ஹெக்லிக் வயலையும் கண்டறிந்தது. எண்ணெய் கிடைத்த இடம்தான் வினையாயிற்று. வடக்கு-தெற்குப் போரை முடித்த 1972ஆம் ஆண்டு அடிஸ் அபாபா உடன்பாடு தெற்குக்குத் தன்னாட்சி கொடுத்திருந்தது. வயல்களோ வடக்கும் தெற்கும் உரசிக்கொள்ளும் விளிம்பில் கிடந்தன. கார்ட்டூமில் ஆண்ட நிமெய்ரி அரசு எல்லையைத் திருத்தி வரையப் பார்த்தது. சுத்திகரிப்பு ஆலையை வடக்கே கோஸ்டியில் அமைக்கப்போவதாகவும் சொன்னது. 1983இல் போர் மீண்டும் மூண்டதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் தெற்கத்தியர் மனத்தில் ஆழப் பதிந்தது இந்த எண்ணெய்க் கணக்கு. 1984 பிப்ரவரியில் பெந்தியுவை ஒட்டிய ருப்கோனா முகாமைக் கிளர்ச்சியாளர்கள் தாக்கினர்; செவ்ரான் ஊழியர் மூவர் மாண்டனர். வேலை நின்றது. ஏறத்தாழ நூறு கோடி டாலர் கொட்டியிருந்த செவ்ரான் 1992இல் உரிமங்களை விற்றுவிட்டுப் போனது.

கைமாறி வந்த அவ்வுரிமங்களைப் பெற்ற கனடாவின் சிறு நிறுவனமான அராக்கிஸிடம் குழாய் பதிக்கப் பணம் இல்லை. 1996 டிசம்பரில் அது கூட்டாளிகளைச் சேர்த்தது. அப்படிப் பிறந்த கிரேட்டர் நைல் கூட்டமைப்பில் சீனத் தேசிய பெட்ரோலிய நிறுவனத்துக்கு 40 விழுக்காடு, பெட்ரோனாஸுக்கு 30, அராக்கிஸுக்கு 25, சூடானின் சூடாபெட்டுக்கு 5. மறு ஆண்டே அமெரிக்கா சூடான் மீது பொருளாதாரத் தடை விதித்தது. அமெரிக்க நிறுவனங்கள் இனி உள்ளே வர வழியில்லை என்றானதும், தாமதமாக வந்த மலேசியாவுக்கு அது வசதியாகப் போயிற்று.

கோலாலம்பூரால் ஏன் இது முடிந்தது என்பதற்கு விடை 1974ஆம் ஆண்டு பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. நாட்டின் எண்ணெய் வளம் முழுவதையும் பெட்ரோனாஸிடம் ஒப்படைத்த அச்சட்டம், நிறுவனத்தைப் பிரதமரின் நேரடிக் கட்டளையின்கீழ் வைத்தது. தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் இல்லை. ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று சூடானைப் பற்றிக் கேட்கப் பொதுமக்களில் பங்குதாரர் எவரும் இல்லை. அராக்கிஸை 1998இல் வாங்கிய கனடாவின் டாலிஸ்மனுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. தேவாலயங்களும் ஓய்வூதிய நிதிகளும் நெருக்கின. நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 2003இல் அது தன் 25 விழுக்காட்டை இந்தியாவின் ஓஎன்ஜிசி விதேஷுக்கு விற்றது. (அந்த வழக்கு பின்னர் தள்ளுபடியானது, ஆனால் அதற்குள் டாலிஸ்மன் போயே போய்விட்டது.)

ஹெக்லிக்கிலிருந்து செங்கடல் கரைவரை சுமார் 1,600 கிலோமீட்டர்க் குழாய் 1999இல் முடிந்தது. முதல் ஏற்றுமதிக் கப்பல் அவ்வாண்டு ஆகஸ்ட் கடைசியில் புறப்பட்டது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் முறைப்படி திறக்கப்பட்டதும் அதே மாதத்தில்தான். பழைய சிலாங்கூர்க் குதிரைப்பந்தயத் திடலில் எழுந்த அந்த வளாகத் திட்டத்தில் பிரிக்பீல்ட்ஸில் பிறந்த தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணனின் பங்கைத் தமிழர்கள் பெருமையோடு சொல்வதுண்டு. சூடானைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை.

பேசவேண்டிய இடம் பிளாக் 5ஏ. பெந்தியுவுக்குத் தெற்கே நுவேர் மக்கள் வாழும் சதுப்பு நிலம் அது. 1997இல் சுவீடனின் லுண்டின் தலைமையில் பெட்ரோனாஸ் (28.5 விழுக்காடு), ஆஸ்திரியாவின் ஓஎம்வி, சூடாபெட் ஆகியவை அங்கே நுழைந்தன. தார் ஜாத்தில் எண்ணெய் இருந்தது; அதை எட்டச் சாலை வேண்டும், சாலைக்குக் காவல் வேண்டும். காவல் என்ற பெயரில் அரசுப் படையும் அது ஏவிய ஆயுதக் குழுக்களும் ஊர்களை எரித்து மக்களை விரட்டின. இந்தப் போரில் ஏறத்தாழ 12,000 பேர் மாண்டதாகவும் 1,60,000 பேர் வீடிழந்ததாகவும் ஐரோப்பியத் தொண்டமைப்புகளின் கூட்டணி ஒன்று 2010இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. லுண்டினின் தலைமைப் பொறுப்பில் இருந்த இருவர்மீது, போர்க்குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததாக 2021இல் குற்றம் சாட்டப்பட்டு, 2023 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் விசாரணை தொடங்கியது, இருவரும் மறுத்தனர். பெட்ரோனாஸ் அவ்வழக்கில் இல்லை. ஆனால் 2003இல் லுண்டினின் பங்கை வாங்கி அந்நிலத்தில் மூன்றில் இரண்டுக்கு மேற்பட்ட உரிமை பெற்றது பெட்ரோனாஸ்தான். அதன் சூடான் வரலாற்றை லாபநட்டக் கணக்காக மட்டும் எழுத முடியாததற்கு இதுவே காரணம்.

2005ஆம் ஆண்டு அமைதி உடன்பாடு தெற்கின் எண்ணெய் வருவாயை இரு தரப்புக்கும் பாதிப்பாதியாகப் பிரித்தது. கிழக்கே மேலூட் படுகையில் பெட்ரோனாஸ் 40 விழுக்காடு வைத்திருந்த பெட்ரோடார் கூட்டமைப்பின் எண்ணெய் 2006இல் சந்தைக்கு வந்தது. எல்லைத் தகராறோ தீரவில்லை. 2009 ஜூலையில் ஹேக் நகரின் நிரந்தர நடுவர் நீதிமன்றம், இரு தரப்பும் உரிமை கோரிய அபியேய் பகுதியின் எல்லையைச் சுருக்கி, ஹெக்லிக்கை அதற்கு வெளியே விட்டது. வடக்கு அதைத் தன் வெற்றி என்றது, ஹெக்லிக் வடக்குக்கு உரியது என்பதைத் தெற்கு ஏற்கவில்லை.

2011 ஜூலை 9இல் தெற்குச் சூடான் தனி நாடானது. உற்பத்தியில் முக்கால் பங்கு தெற்குக்குப் போயிற்று. குழாயும் துறைமுகமும் வடக்கில் நின்றன. இந்த ஒரு வாக்கியத்துக்குள் பின்னாளைய தொல்லைகள் பெரும்பாலும் அடங்கிவிடும். குழாய்க் கட்டணமாகப் பீப்பாய்க்கு 36 டாலர் கேட்டது கார்ட்டூம். தன் எண்ணெயை அது திருடுகிறது என்று குற்றஞ்சாட்டி 2012 ஜனவரியில் நாளொன்றுக்கு 3,50,000 பீப்பாய் அளவிலான உற்பத்தியையே நிறுத்தியது தெற்கின் தலைநகரான ஜூபா. ஏப்ரலில் தெற்குப் படைகள் ஹெக்லிக்கைப் பிடித்துச் சுமார் பத்து நாள் வைத்திருந்தன. இதற்கெல்லாம் நடுவே இரு அரசுகளுக்கும் நல்லவனாக இருக்கவேண்டிய நிலை பெட்ரோனாஸுக்கு. எண்ணெய் மீண்டும் ஓடத் தொடங்கியது 2013 ஏப்ரலில்தான். டிசம்பரில் தெற்கிலேயே உள்நாட்டுப் போர் வெடித்து யூனிட்டி மாநில வயல்கள் மூடப்பட்டன.

இந்த எண்ணெயின் தன்மையும் அரசியலுக்கு ஒத்துழைப்பதில்லை. மெழுகுச்சத்து மிகுந்த அது, மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல, சூடேற்றாமல் விட்டால் குழாய்க்குள்ளேயே கட்டிப்போகும். 2023இல் சூடானில் தொடங்கிய போரில் குழாய் வழியிலுள்ள நிலையங்களுக்கு டீசல் போய்ச் சேரவில்லை. 2024 பிப்ரவரியில் எண்ணெய் உறைந்து குழாய் வெடித்தது. தெற்குச் சூடானின் ஏற்றுமதியில் பெரும்பகுதி நின்றுபோனது.

அதற்கு முன்பே பெட்ரோனாஸ் கிளம்ப முடிவெடுத்திருந்தது. தெற்குச் சூடான் பங்குகளைப் பிரிட்டனின் சவானா எனர்ஜிக்கு 125 கோடி டாலர்வரை பெறும் விலைக்கு விற்பதாக 2022 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஜூபா ஒப்புதல் தரவில்லை. சுற்றுச்சூழல் பாதிப்பைத் தணிக்கை செய்யவேண்டும் என்றது. பங்குகள் அரசு நிறுவனமான நைல்பெட்டுக்கே சேரும் என்றது. 2024 ஆகஸ்டில் பெட்ரோனாஸ் வெளியேறுவதாக அறிவித்தது. பங்குதாரர் கேள்வியிலிருந்து அதைக் காத்த அரசு உடைமை, விருந்தளித்த அரசின் பேனாவுக்கு முன் உதவவில்லை. பெட்ரோனாஸ் சாரிகாலி நைல் என்ற அதன் துணை நிறுவனம், தெற்குச் சூடான் அரசுக்கு எதிராக வாஷிங்டனிலுள்ள பன்னாட்டு முதலீட்டுத் தகராறு நடுவர் மையத்தில் வழக்குத் தொடுத்துள்ளது.