விரல் கண்ட எழுத்து

1771. பாரிஸ் நகரில் ஒரு திருவிழாச் சந்தை. பார்வையற்ற சிலருக்குக் கூம்புத் தொப்பி மாட்டி, அட்டையில் செய்த பெரிய மூக்குக்கண்ணாடி அணிவித்து, எதிரே இசைக்குறிப்புத் தாள்களையும் வைத்து வாத்தியம் வாசிக்க விட்டிருந்தார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதில் நின்ற ஒருவருக்கு மட்டும் நெஞ்சு கொதித்தது. அவர் வாலென்டின் ஹவுயி. மொழிபெயர்ப்பு அவர் தொழில். கேலிக்காக வைத்த அந்தத் தாளை இவர்கள் உண்மையாகவே படிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று அவரைப் பற்றிக்கொண்டது.

எண்ணம் செயலாக 13 ஆண்டுகள் பிடித்தன. 1784-இல், தேவாலய வாசலில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த பிரான்சுவா லெசியூர் என்ற பார்வையற்ற இளைஞனை ஹவுயி சந்தித்தார். பாடம் கேட்க உட்கார்ந்தால் அன்றைய வருமானம் போய்விடும். அந்தப் பணத்தைத் தாமே தருவதாகச் சொல்லி அவனை அழைத்துவந்தார். மரத்தில் செதுக்கிய எழுத்துகளைத் தடவித் தடவி அவன் படிக்கப் பழகினான்.

ஒருநாள் மேசைமேல் கிடந்த அச்சுத்தாள் ஒன்றைத் தடவிய லெசியூர், பின்பக்கம் புடைத்திருந்த எழுத்தைச் சொல்லிவிட்டான் என்று சொல்லப்படுகிறது. ஆசிரியருக்கு வழி காட்டியது மாணவனின் விரல்! வழக்கமான அச்செழுத்து இடவலம் மாறியிருக்கும். ஹவுயி அதை நேராக வார்க்கச் செய்து, ஈரத் தாளில் அழுத்தினார். மறுபக்கம் எழுத்துகள் மேடாக எழுந்தன. பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் புத்தகம் அப்படித்தான் பிறந்தது. பார்வையற்ற சிறுவர்களுக்கான அவரது பள்ளி 1785-இல் பாரிஸில் தொடங்கியது. மறு ஆண்டே அதன் மாணவர்கள் வெர்சாய் அரண்மனையில் மன்னர் பதினாறாம் லூயியின் முன் படித்துக் காட்டினார்கள்.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. அவை கண்ணுக்காக வரைந்த எழுத்துகள். ஒவ்வொன்றின் வளைவையும் விரல் சுற்றிவந்து அறிவதற்குள் சொல்லின் தொடக்கம் மறந்துபோகும். புத்தகங்களோ பெரிதாய், கனமாய் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, படிக்கலாமே தவிர, மாணவர் தம் கையால் அப்படி எழுத முடியாது.

1819-இல் அந்தப் பள்ளியில் சேர்ந்தான் 10 வயது லூயி பிரெயில். தொட்டுப் படிப்பதற்காகச் சார்ல் பார்பியே உருவாக்கிய 12 புள்ளி முறை பள்ளிக்கு வந்தபோது, அதன் சிறப்பும் சிக்கலும் அவன் விரலுக்குப் புரிந்தன. 12 புள்ளிகள் விரல்நுனிக்குள் அடங்கவில்லை. அவற்றை 6 ஆகக் குறைத்தான். ஒரே தொடுகையில் ஓர் எழுத்து! அப்போது அவனுக்கு வயது 15. புள்ளி குத்தும் ஊசி கையில் இருந்தால் எழுதவும் முடிந்தது. அந்தப் பள்ளி அதை முறைப்படி ஏற்றது 1854-இல். பிரெயில் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து.

இன்று தமிழின் அகரமும் ழகரமும் அந்த ஆறு புள்ளிகளுக்குள்தான் அடங்கியிருக்கின்றன. இரக்கப்பட்டு யாரோ கொடுத்ததாக மட்டும் இந்தக் கல்வியைச் சொல்லக் கூடாது. ஹவுயி கதவைத் திறந்தார். உள்ளே நடப்பதற்கான பாதையைப் போட்டவை லெசியூரின் விரலும் லூயியின் விரலும்.