கொல்லாமரத்து எறும்பு

பாயசத்தில் மிதக்கும் முந்திரிக்குத் தெற்கே கொல்லாங்கொட்டை என்று பெயர். மலையாளிகள் அந்த மரத்தைப் பறங்கிமாவு என்பார்கள். 16-ஆம் நூற்றாண்டில் பிரேஸிலிலிருந்து அதைக் கொண்டுவந்த போர்த்துகீசியரின் ஞாபகம் அந்தப் பெயரில் இன்னும் இருக்கிறது. பராமரிப்பு அதிகம் கேளாமல், செம்பாறை மேட்டிலும் கடலோர மணலிலும் மண் கரையாதபடி பிடித்துக்கொண்டு நிற்கும் சாது மரம்.

அதற்கும் ஒரு விரோதி உண்டு. தேயிலைக் கொசு என்று பெயரே தவிர அது கொசு அல்ல. சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. மார்கழி, தை மாதங்களில் அது குத்தினால் தளிரும் பூங்கொத்தும் தீயில் வாட்டினாற்போல் கருகிவிடும். அந்தப் பூச்சியைப் பிடித்துத் தின்பது முசுறு. மாமரம் ஏறிய பிள்ளைகளுக்கு அந்தச் செவ்வெறும்பை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

கி.பி. 304-ல் ஜீ ஹான் எழுதியதாகச் சொல்லப்படும் சீனத் தாவர நூலில், தென்சீனத்தார் இந்த எறும்பைக் கூட்டோடு சந்தையில் விற்ற செய்தி இருக்கிறது. அது இல்லாத ஆரஞ்சு மரத்தில் பழம் பூச்சி அரித்துப் போகுமாம். பூச்சியை விட்டுப் பூச்சியைப் பிடித்த கதைகளில் மிகப் பழைய குறிப்பு இதுவே என்கிறார்கள். பின்னாளில் சீனர்கள் மரத்துக்கு மரம் மூங்கிலால் பாலம் போட்டு எறும்பை நடக்க விட்டார்கள். செலவு அவ்வளவுதான். 1990-களில் வட ஆஸ்திரேலியாவின் முந்திரித் தோப்புகளில் சோதித்த விஞ்ஞானிகளும் முசுறின் பக்கமே சாட்சி சொன்னார்கள். எறும்பு கடிக்குமே என்றால், முந்திரிக்கொட்டை பெரும்பாலும் தானாக உதிர்ந்ததைப் பொறுக்குவதுதானே!

கேரளத்தின் வடகோடியான காசர்கோட்டில் நடந்தது வேறு. அரசாங்கத் தோட்டக் கழகம் 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை, 4,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட முந்திரிக் காட்டின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தது. ஆகாயத்திலிருந்து விழும் விஷத்துக்கு விரோதி எது, முசுறு எது, மகரந்தம் சேர்க்கும் தேனீ எது என்று தெரியுமா? அந்தச் சீமையில் குன்றைக் குடைந்து சுரங்கம் வெட்டி, கசியும் ஊற்றைத் திறந்த தொட்டியில் தேக்கிக் குடிப்பார்கள். தோட்டங்களின் காலடியிலேயே தொட்டிகள். பத்ரே முதலிய கிராமங்களில் குழந்தைகள் மூளை வளர்ச்சி குன்றியும் அங்கம் கோணியும் பிறந்தன. மருந்தே காரணம் என்றது ஊர். இல்லை என்றது கழகம். கமிட்டிகள் வந்து போயின. கொல்லாமரம் என்ற பெயரை இப்போது என் நாக்கு தயங்காமல் சொல்வதில்லை.

1998-ல் கோர்ட்டுக்குப் போனவர் லீலாகுமாரி அம்மா என்ற விவசாய இலாகா ஊழியர். நாடு முழுவதற்கும் எண்டோசல்பானுக்குச் சுப்ரீம் கோர்ட் தடை விதித்தது 2011 மே மாதத்தில். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் கொடுக்கும்படி கேரள அரசுக்கு அதே கோர்ட் உத்தரவிட்டது 2017 ஜனவரியில். ஹெலிகாப்டர் கடைசியாகப் பறந்து அப்போது 16 வருஷம் கடந்திருந்தது.